நெடுஞ்சாண்கிடையாக ஒரு மிக்கி மவுஸ்

பீடத்தின் மேல் பிரம்மாண்டமான டிரம்ப் சிலை. அதன் காலடியில் கோடீஸ்வரர்கள் மண்டியிட்டுப் பண மூட்டைகளைத் தூக்கி நீட்டுகிறார்கள். ஒருவர் கையில் மட்டும் மூட்டைக்குப் பதிலாக லிப்ஸ்டிக். பக்கத்திலேயே, கொடிமரத்தடியில் விழுந்து கும்பிடுவார்களே அப்படி, நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறது ஒரு மிக்கி மவுஸ்.

இது முடித்துக் கொடுத்த படம்கூட இல்லை, முதல்கட்ட ஸ்கெட்ச்தான். ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகை உலகம் அதிகம் பேசிய கார்ட்டூன் இதுதான். வரைந்தவர் ஆன் டெல்னேஸ். 2008 முதல் ‘வாஷிங்டன் போஸ்ட்’டுக்கு வரைந்துகொண்டிருந்தவர். பத்திரிகை இந்த ஸ்கெட்ச்சை வேண்டாம் என்றது. ஜனவரி 3ஆம் தேதி, வேலையை விட்டுவிட்டதாக சப்ஸ்டாக் என்ற இணையப் பதிவுத் தளத்தில் எழுதி, ஸ்கெட்ச்சையும் கூடவே போட்டுவிட்டார்.

மூட்டையோடு மண்டியிட்டவர்களில் ஒருவர் ஜெஃப் பெசோஸ். அமேசானைத் தொடங்கியவர். வாஷிங்டன் போஸ்ட்டின் முதலாளியும் அவரே.

அமெரிக்க அரசியலை அன்றாடம் தொடராதவர்களுக்கு, அந்தக் காலடியில் யார் எதற்காக இருக்கிறார்கள் என்று சொன்னால்தான் படம் திறக்கும். 2024 நவம்பரில் டிரம்ப் மறுபடி ஜெயித்தார். அடுத்த சில வாரங்களில் பதவியேற்பு விழா நிதிக்கு அமேசான் பத்து லட்சம் டாலர், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பத்து லட்சம், ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் சொந்தப் பணத்தில் பத்து லட்சம் என்று மொய் எழுதினார்கள். அவைதான் அந்த மூட்டைகள். லிப்ஸ்டிக் வைத்திருப்பவர் பேட்ரிக் சூன்-ஷியாங், ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ முதலாளி. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கமலா ஹாரிஸை ஆதரித்துத் தன் பத்திரிகை எழுதவிருந்த தலையங்கத்தை நிறுத்தியவர். அதே வாரத்தில் பெசோஸும் போஸ்ட்டில் அதே காரியத்தைச் செய்தார். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் போஸ்ட் சந்தாவை ரத்து செய்ததாகச் செய்தி வந்தது.

மிக்கி மவுஸ் கதை வேறு. ஏபிசி தொலைக்காட்சியின் முதலாளி டிஸ்னி நிறுவனம். எழுத்தாளர் ஒருவர் தொடுத்த சிவில் வழக்கில், டிரம்ப் பாலியல் அத்துமீறலுக்குப் பொறுப்பு என்று ஜூரி சொல்லியிருந்தது. ஏபிசியின் தொகுப்பாளர் ஒருவர் அதை ‘வன்புணர்ச்சிக்குப் பொறுப்பு’ என்று நேரலையில் சொல்லிவிட்டார். டிரம்ப் அவதூறு வழக்குப் போட்டார். அமெரிக்காவில் அரசியல்வாதி ஒருவர் ஊடகத்தை அவதூறு வழக்கில் ஜெயிப்பது யானையை ஊசிக்காதில் நுழைப்பது மாதிரி. ஆனாலும் 2024 டிசம்பரில் டிஸ்னி சமாதானத்துக்கு வந்து, டிரம்ப் பெயரில் அமையவிருக்கும் அதிபர் நூலகத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர், வக்கீல் செலவுக்குப் பத்து லட்சம் என்று ஒப்புக்கொண்டது. மற்றவர்கள் மண்டியிட்டிருக்க மிக்கி மட்டும் முழுசாக விழுந்து கிடப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் காரணம் அதுதான். மற்றவர்கள் தந்தது அன்பளிப்பு. டிஸ்னி தந்தது தண்டம்.

படத்தில் உள்ள குறும்பு இன்னொன்று. டெல்னேஸ் ஸ்வீடனில் பிறந்தவர். கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி கனவு கண்டு உருவான கலைக் கல்லூரியில் அனிமேஷன் படித்து, டிஸ்னி நிறுவனத்தின் கேளிக்கைப் பூங்காக்களை வடிவமைக்கும் பிரிவிலேயே சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1989இல் தியானன்மென் சதுக்கப் படுகொலையையும், 1991இல் பாலியல் தொல்லைப் புகாருக்கு ஆளான கிளாரன்ஸ் தாமஸின் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமன விசாரணையையும் டிவியில் பார்த்த பிறகுதான் அரசியல் பக்கம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கோட்டைப் பார்த்தால் அந்த அனிமேஷன் வளர்ப்பு தெரியும். குறுக்குக்கோடு போட்டு நிழல் காட்டும் பழைய பாணி இல்லை. வழவழவென்று ஓடும் தடித்த தூரிகைக் கோடு, உடல்மொழியிலேயே கதை. டிரம்ப்பை வரையும்போது தொப்பைக்குக் கீழே தரை வரை தொங்கும் டை ஒன்றே அவருக்குப் போதும். ஆக மிக்கியைக் குப்புறப் படுக்கவைத்தது, அந்த எலியின் காது எத்தனை வட்டம் என்று தெரிந்த கை.

பத்திரிகை அலுவலகத்தில் கார்ட்டூன் எப்படி நகரும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் சண்டை எங்கே என்பது புரியும். கார்ட்டூனிஸ்ட் காலையில் செய்திகளை மேய்ந்து, ஒன்றோ இரண்டோ ஸ்கெட்ச் போட்டு ஆசிரியருக்கு அனுப்புவார். ஆசிரியர் ஒன்றைத் தேர்வு செய்வார், அல்லது ‘இந்த வசனத்தை எடுத்துவிடுங்கள்’, ‘இது புரியவில்லை’ என்பார். அதற்குப் பிறகுதான் மை. ஸ்கெட்ச் திரும்பி வருவது இந்தத் தொழிலில் தினசரி நடப்பு, அதற்காக யாரும் ராஜினாமா செய்வதில்லை. டெல்னேஸும் இதை ஒப்புக்கொள்கிறார். திருத்தம் கேட்டிருக்கிறார்கள், வாதாடியிருக்கிறோம், ஆனால் யாரைக் குறிவைத்தேன் என்பதற்காக என் படம் கொல்லப்பட்டது இதுவே முதல் தடவை என்பதுதான் அவர் வாதம்.

கருத்துப் பக்க ஆசிரியர் டேவிட் ஷிப்லி இதை மறுத்தார். அதே விஷயத்தைப் பற்றி ஒரு பத்தி அப்போதுதான் வந்திருந்தது, இன்னொரு நையாண்டிக் கட்டுரையும் வரிசையில் இருந்தது, அரைத்த மாவையே அரைக்க வேண்டாம் என்றுதான் நிறுத்தினேன் என்றார். ஆசிரியர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் தீய சக்தி இருக்காது என்றும் சொன்னார்.

பத்திரிகையில் வேலை பார்த்த யாருக்கும் இது முழுப் பொய்யாகத் தோன்றாது. பக்கம் கட்டுகிறவரின் தலைவலி அது. எனக்கு அதில் இடிப்பது ஒன்றுதான். ஒரே விஷயத்தை நாலு பத்தி எழுத்தாளர்கள் நாலு நாள் எழுதுவதை எந்த ஆங்கிலப் பத்திரிகையும் தடுத்ததாகத் தெரியவில்லை. கார்ட்டூனிஸ்டுக்கு என்று வரும்போது மட்டும் அலுப்பு தட்டிவிடுகிறது. மேலும், பெசோஸைத் திட்டும் பத்தியைப் பிரசுரித்திருக்கிறோமே என்பது ஷிப்லிக்குச் சாதகமான வாதம் மாதிரி தெரிந்தாலும், உண்மையில் அது படத்தின் பலத்துக்குச் சாட்சி. எண்ணூறு வார்த்தைப் பத்தியைப் படிக்க ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், முதலாளி மண்டியிட்ட கோலம் மனதில் பதிய அரை நொடி போதும். பத்தியில் ‘ஆனாலும்’, ‘மறுபக்கம் பார்த்தால்’ என்றெல்லாம் எழுதிச் சமாளிக்கலாம். கார்ட்டூனில் ‘ஆனாலும்’ வரைய முடியாது.

படமாக மட்டும் பார்த்தால் இது டெல்னேஸின் மிகச் சிறந்த படைப்பு என்று நான் சொல்லமாட்டேன். சிலை, பீடம், மண்டி, பண மூட்டை எல்லாம் நூறாண்டுப் பழைய சாமான்கள். மிக்கியும் லிப்ஸ்டிக்கும் இல்லையென்றால் சராசரிதான். போட்டிருந்தால் ஒரு நாள் பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள்.

அவர் யாரையும் விட்டுவைக்காதவர் என்பது போஸ்ட்டுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. 2020 தேர்தல் முடிவைக் கவிழ்க்க டெக்சாஸ் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனபோது, அதற்குக் கையெழுத்துப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் போட்டு எலிகளாக வரைந்தார். போஸ்ட் வெளியிட்டது. பதவியில் இருக்கும் நூறு அரசியல்வாதிகளை எலியாக்கலாம். முதலாளியின் பக்கத்தில் ஓர் எலியைப் படுக்கவைத்ததுதான் கூடுதலாகிவிட்டது.

ஒருதலையாகச் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. அதே போஸ்ட் 2015 டிசம்பரில் அவருடைய ஒரு படத்தைத் திரும்பப் பெற்றது. அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த டெட் க்ரூஸ் தன் சிறு பெண்களை விளம்பரப் படத்தில் நடிக்கவைத்தார். டெல்னேஸ் க்ரூஸைக் குரங்காட்டியாகவும் பிள்ளைகளைக் குரங்குகளாகவும் வரைந்தார். பிள்ளைகளை அரசியலுக்கு இழுத்தது அப்பன்தான் என்பது அவர் தரப்பு. நியாயம்தான், ஆனாலும் அது சறுக்கல் என்பதே என் எண்ணம். அடி அப்பன் மேல் விழவில்லை. 2023 நவம்பரில் வலதுசாரி கார்ட்டூனிஸ்ட் மைக்கேல் ராமிரெஸ் ஹமாஸ் பேச்சாளரைக் குழந்தைகளைக் கட்டி வைத்திருப்பவராக வரைந்தது போஸ்ட்டில் வந்தது. இனவெறிச் சித்திரிப்பு என்று வாசகர்கள் கொதித்தார்கள். படத்தைத் தளத்திலிருந்து எடுத்தவர் இதே ஷிப்லிதான். ஆக, படம் எடுக்கப்படுவது இடது வலது இருவருக்கும் நடக்கிறது. ஒரு தடவை காரணம் பிள்ளைகளை இழுத்தது, இன்னொரு தடவை வாசகரைப் புண்படுத்தியது. பிழையோ சரியோ, பத்திரிகைக்கும் வாசகருக்கும் இடையிலான வழக்கு அது. 2025இல் எந்த வாசகரும் புகார் செய்யவில்லை, ஏனென்றால் எந்த வாசகரும் பார்க்கவே இல்லை.

அமெரிக்காவில் ஆட்சியாளரைக் கிண்டலாக வரைய சட்டத் தடை கிடையாது. 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதி செய்தது. ஜெர்ரி ஃபால்வெல் என்ற பிரபல மதபோதகரை ‘ஹஸ்லர்’ என்ற ஆபாசப் பத்திரிகை சொல்லக் கூசும் விதத்தில் நையாண்டி செய்திருந்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் பழமைவாதி. அவர் கார்ட்டூன் வரலாற்றையே தீர்ப்பில் அடுக்கினார்: ஜார்ஜ் வாஷிங்டனைக் கழுதையாக வரைந்தது, லிங்கனின் ஒட்டடைக்குச்சி உடம்பு, டெடி ரூஸ்வெல்ட்டின் மூக்குக்கண்ணாடியும் பல்லும், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் தாடையும் சிகரெட் குழலும். இவை இல்லாவிட்டால் நாட்டின் அரசியல் பேச்சு வறண்டிருக்கும் என்று எழுதினார். சட்டத்தின் பக்கத்திலிருந்து இதைவிடப் பெரிய குடை கார்ட்டூனிஸ்டுக்கு எந்த நாட்டிலும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் குடை அரசாங்க மழைக்குத்தான். வீட்டுக் கூரை ஒழுகினால் அது உதவாது. பேச்சுரிமைச் சட்டத்திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. பத்திரிகை முதலாளி தன் பத்திரிகையில் எதைப் போடுவார் எதைப் போடமாட்டார் என்பது அவர் உரிமை, அதையும் அதே சட்டத்திருத்தமே காக்கிறது. எனவே டெல்னேஸுக்கு நடந்ததைத் தணிக்கை என்று சொல்வது சட்டப்படி தவறு. பிறகு அதற்கு என்ன பெயர்? அங்கேதான் முதலாளியின் மற்றக் கடைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெசோஸ் 2013இல் போஸ்ட்டை வாங்கக் கொடுத்தது 25 கோடி டாலர். அவர் கடைத்தெருவில் இது பெட்டிக்கடை. அமேசானின் கிளவுட் பிரிவு அரசாங்கத்துக்கும் ராணுவத்துக்கும் சேவை விற்கிறது. 2019இல் பென்டகனின் ஆயிரம் கோடி டாலர் கிளவுட் ஒப்பந்தம் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனபோது, டிரம்ப்புக்கு பெசோஸ் மேல் இருந்த கோபம்தான் காரணம் என்று அமேசான் நீதிமன்றத்துக்கே போனது. அந்தக் கோபத்துக்கு முக்கியக் காரணம் போஸ்ட் எழுதிய செய்திகள். பெசோஸின் ராக்கெட் நிறுவனமான ப்ளூ ஆரிஜின், நிலவில் இறங்கும் கலம் செய்ய நாசாவிடம் 340 கோடி டாலர் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. ஹாரிஸ் ஆதரவுத் தலையங்கம் நிறுத்தப்பட்ட அன்றே ப்ளூ ஆரிஜின் தலைமை அதிகாரி டிரம்ப்பைச் சந்தித்தார். தனக்கு அது முன்கூட்டித் தெரியாது, கேள்விப்பட்டதும் பெருமூச்சு விட்டேன் என்று பெசோஸே பிறகு எழுதினார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு படத்துக்காக மொத்தத் தெருவும் நஷ்டப்படலாம் என்ற நிலையில் முதலாளி வாய் திறந்து எதையும் சொல்லத் தேவையில்லை. கீழே இருப்பவர்களே குறிப்பறிந்து நடந்துகொள்வார்கள். டிமோதி ஸ்னைடர் என்ற வரலாற்றாசிரியர் இதை ‘முன்கூட்டியே கீழ்ப்படிதல்’ என்கிறார். டிரம்ப்பின் இரண்டாம் ஆட்சிக்காலத்தில் அமெரிக்காவில் தேய்ந்துபோகும் அளவுக்குப் புழங்கும் சொல் அது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் அமெரிக்காவிலேயே உண்டு.

நியூயார்க், 1871. நகராட்சிக் கஜானாவைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்த வில்லியம் ட்வீட் என்ற கட்சி பாஸை, ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் வாராவாரம் வரைந்து தள்ளினார் தாமஸ் நாஸ்ட், ஜெர்மனியில் பிறந்தவர். தொப்பை பெருத்த உடல், கழுத்துக்கு மேலே தலைக்குப் பதில் டாலர் குறி போட்ட பண மூட்டை: அவருடைய புகழ்பெற்ற படம் இதுதான். டெல்னேஸ் கையில் இருப்பது அதே மூட்டை. அன்று தலையாக இருந்தது இன்று கைக்கு வந்திருக்கிறது. பத்திரிகை எழுதுவதைப் பற்றிக் கவலையில்லை, என் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்தப் பாழாய்ப்போன படங்களைப் பார்க்காமல் இருக்க முடியாதே என்று ட்வீட் புலம்பியதாக ஒரு பேச்சு உண்டு. ஐரோப்பா போய் ஓவியம் படியுங்கள், லட்சம் டாலர் தருகிறோம் என்று நாஸ்ட்டுக்கு ஆள் விட்டார்கள் என்றும், நாஸ்ட் விளையாட்டாக ஐந்து லட்சம் வரை ஏற்றிவிட்டு முடியாது என்றார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நாஸ்ட் மசியவில்லை என்றதும் முதலாளி பக்கம் திரும்பினார்கள். ஹார்ப்பர் சகோதரர்களின் முக்கிய வியாபாரம் பள்ளிப் பாடநூல். நகரப் பள்ளிகளுக்கு அவர்கள் புத்தகம் வேண்டாம் என்று முடிவெடுக்க வைத்தது ட்வீட் கூட்டம். பெசோஸுக்கு ராக்கெட், ஹார்ப்பருக்குப் பாடப் புத்தகம். குடும்பத்துக்குள் வாக்குவாதம் நடந்தது. ஃபிளெட்சர் ஹார்ப்பர் நாஸ்ட் பக்கம் நின்றார். படங்கள் தொடர்ந்தன. அந்த நவம்பர் தேர்தலில் ட்வீட் கூட்டம் மண்ணைக் கவ்வியது. சிறையிலிருந்து தப்பி ஸ்பெயின் வரை ஓடிய ட்வீட்டை 1876இல் அங்கே அடையாளம் காண உதவியதும் நாஸ்ட் வரைந்த ஒரு படம்தான். கார்ட்டூன் ‘வான்டட்’ போஸ்டராக வேலை செய்த சம்பவம் வேறு எங்கும் உண்டா என்று தெரியவில்லை.

வாஷிங்டன் போஸ்ட்டுக்கே ஒரு பூர்வ கதை உண்டு. ஹெர்ப்ளாக் என்று கையெழுத்துப் போட்ட ஹெர்பர்ட் பிளாக் 1946லிருந்து 2001இல் இறக்கும் வரை அங்கே வரைந்தார். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஆட்களை வேட்டையாடுவதைக் குறிக்கும் ‘மெக்கார்த்தியிசம்’ என்ற சொல் 1950இல் அவர் வரைந்த கார்ட்டூனில் ஒரு தார் டின் மேல் எழுதப்பட்டுத்தான் பரவியது. 1954இல், அப்போது துணை அதிபராக இருந்த நிக்சனைச் சாக்கடையிலிருந்து ஏறி வருபவராக வரைந்தார். மகள்கள் கண்ணில் படக்கூடாது என்று நிக்சன் போஸ்ட் வாங்குவதை நிறுத்தினார் என்பார்கள். அந்தக் கன்னக்கருப்பு, முளைத்த தாடி எல்லாம் ஹெர்ப்ளாக் கொடுத்தவை. ஆனால் 1969இல் நிக்சன் அதிபரானதும் ஒரு முடிதிருத்தகம் வரைந்தார். சுவரில் அறிவிப்பு: புதிதாக வரும் ஒவ்வொரு அதிபருக்கும் இந்தக் கடையில் ஒரு சவரம் இலவசம். உரிமையாளர் எச். பிளாக்.

அந்தக் கடையிலும் ஒரு தடவை ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள். 1952 தேர்தலில் போஸ்ட் ஐசனோவரை ஆதரித்தது, ஹெர்ப்ளாக் எதிரணி ஸ்டீவன்சன் பக்கம். கடைசிக் கட்டத்தில் பதிப்பாளர் பிலிப் கிரஹாம் அவருடைய படங்களை நிறுத்தினார். அவை மற்ற ஊர்ப் பத்திரிகைகளுக்கும் விற்பனையாகிக்கொண்டிருந்ததால், நாடு முழுக்க வந்த படம் சொந்தப் பத்திரிகையில் மட்டும் வரவில்லை. ஊர் சிரித்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு, போஸ்ட் தலையங்கம் ஒரு பக்கம் பேச, பக்கத்திலேயே ஹெர்ப்ளாக் வேறு பக்கம் பேசுவது அந்தப் பத்திரிகையின் பெருமையாகவே ஆனது. அன்று பக்கத்து ஊர்ப் பத்திரிகைகள் செய்ததைத்தான் டெல்னேஸுக்கு இணையம் செய்தது.

ஒரு பெரிய வித்தியாசம், ஹெர்ப்ளாக் காலத்தில் பக்கத்து ஊரிலும் கார்ட்டூனிஸ்டுகள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் சுமார் 2,000 பேர் வரைந்துகொண்டிருந்தார்கள் என்பது ஹெர்ப்ளாக் பெயரில் உள்ள அறக்கட்டளையின் கணக்கு. 2011இல் சம்பள வேலையில் இருந்தவர்கள் 40க்கும் குறைவு. அதற்குப் பிறகு இன்னும் உதிர்ந்துவிட்டார்கள். 2018இல் பிட்ஸ்பர்க்கில் கால் நூற்றாண்டு வரைந்த ராப் ராஜர்ஸ், டிரம்ப் படங்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்ட பிறகு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2019இல் நியூயார்க் டைம்ஸின் சர்வதேசப் பதிப்பில், வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஒரு படம் யூத வெறுப்பாக இருந்ததென்று பெரும் கண்டனம் வந்தது. பத்திரிகை கண்ட தீர்வு, அந்தப் படத்தோடு சம்பந்தமே இல்லாத இரண்டு கார்ட்டூனிஸ்டுகளையும் சேர்த்து அரசியல் கார்ட்டூனையே நிறுத்துவது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. 2021இல், அமெரிக்கப் பத்திரிகை உலகின் உயரிய பரிசான புலிட்சரை வழங்கும் குழு இறுதிச் சுற்று வரை வந்த மூவரையும் விட்டுவிட்டு, யாருக்கும் கார்ட்டூன் பரிசு இல்லை என்றது. மறு ஆண்டு அந்தப் பிரிவின் பெயரையே மாற்றிவிட்டது. 2023 ஜூலையில் மெக்ளாட்சி பத்திரிகைக் குழுமம் ஒரே நாளில் மூன்று கார்ட்டூனிஸ்டுகளை வீட்டுக்கு அனுப்பியது. மூவருமே புலிட்சர் வாங்கியவர்கள்.

இதில் அரசியல் பாதி, கணக்குப் பிள்ளை பாதி. விற்பனை முகமையிடம் ரெடிமேட் கார்ட்டூன் மலிவாகக் கிடைக்கிறது. அது தேசிய அரசியலைப் பொத்தாம்பொதுவாகக் கிண்டல் செய்யும், உள்ளூர் மேயரையோ விளம்பரதாரரையோ தொடாது. கோபமான மின்னஞ்சல் வந்தால், அவர் எங்கள் ஊழியர் இல்லை என்று கைகழுவிவிடலாம். ஆசிரியருக்கு நிம்மதியான தூக்கம்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் ஒரு வீட்டுக் கிளையும் உண்டு. டெல்னேஸ் விலகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, 2025 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கோடு அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. பிரதமர் மோடி டிரம்ப்பைச் சந்திக்கப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் அது. பிப்ரவரி 10ஆம் தேதி ‘விகடன் பிளஸ்’ இணைய இதழில், சிரிக்கும் டிரம்ப்புக்குப் பக்கத்தில் கைகால் விலங்கோடு மோடி உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன் வந்தது. 15ஆம் தேதி மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. பிறகு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் முடக்க உத்தரவு வந்தது. மார்ச் 6ஆம் தேதி, கார்ட்டூன் உள்ள பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 1987இல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனை சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியதைப் பார்த்த இதழுக்கு இது இரண்டாவது அனுபவம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இங்கே பத்திரிகை போட்டது, அரசாங்கம் மூடியது, உத்தரவு எண் இருந்தது, எதிர்த்து வழக்குப் போட ஒரு கதவு இருந்தது. அங்கே அரசாங்கம் விரலைக்கூட அசைக்கவில்லை. எதிர்த்து வழக்குப் போட எந்த உத்தரவும் இல்லை. ஒரு ஆசிரியர், ஒரு ஸ்கெட்ச், ‘இது வேண்டாம்’ என்று ஒரு பதில். எது மோசம் என்றால், பூட்டு போட்ட வீடு மோசமா, சாவியைத் தானே கிணற்றில் போட்ட வீடு மோசமா என்று கேட்பது மாதிரி. விகடனுக்கு நேர்ந்ததில் குறைந்தபட்சம் யாரைக் கேட்பது என்று தெரிந்தது.

டெல்னேஸ் விலகிய இரண்டே நாளில், மெலனியா டிரம்ப் பற்றிய ஆவணப்படத்தை அமேசான் வெளியிடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்பில் பெசோஸும் மெட்டாவின் ஸக்கர்பெர்க்கும் வருங்கால அமைச்சர்களுக்கு முன்வரிசையில் இருந்தார்கள். நம்மூர் சுந்தர் பிச்சையும் அந்த வரிசையில்தான் இருந்தார். கூகுளும் பத்து லட்சம் கொடுத்திருந்தது. ஸ்கெட்ச்சில் அவர் இல்லாதது இடப் பற்றாக்குறையாக இருக்கலாம். தொலைக்காட்சி கேமரா அந்த வரிசையை ஒரே சட்டத்துக்குள் காட்டியபோது டெல்னேஸின் கற்பனை செய்திப் புகைப்படமாக மாறியிருந்தது, மண்டி மட்டும்தான் பாக்கி. பிப்ரவரி 26ஆம் தேதி பெசோஸ், இனிமேல் கருத்துப் பக்கங்கள் தனிமனித சுதந்திரம், தடையற்ற சந்தை என்ற இரண்டையும் ஆதரித்தே எழுதும் என்று அறிவித்தார். அந்தப் பொறுப்பில் தொடர ஷிப்லி சம்மதிக்கவில்லை, விலகிவிட்டார். ஜனவரியில் பத்திரிகைக்காக டெல்னேஸுக்குப் பதில் சொன்னவர் பிப்ரவரியில் அதே வாசல் வழியாக வெளியே வந்தார். அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சலில் பாதி அன்று இறங்கிவிட்டது.

செப்டம்பரில் மிக்கி மறுபடி செய்தியில் வந்தது. ஏபிசியின் இரவு நேர நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் சொன்ன ஒரு கருத்துக்காக, ஒளிபரப்பு உரிமங்களைக் கட்டுப்படுத்தும் ஆணையத்தின் தலைவர் வெளிப்படையாக மிரட்டினார். டிஸ்னி நிகழ்ச்சியை நிறுத்தியது. சந்தாதாரர்கள் டிஸ்னி கணக்கை ரத்து செய்யத் தொடங்கியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது. படுத்த மிக்கியை எழுப்பியது சட்டமா, சந்தாவா என்பது அவரவர் யூகம்.

அதற்கு முன்பே, மே 5ஆம் தேதி, புலிட்சர் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. சித்திரக் கருத்துரைப் பிரிவில் டெல்னேஸுக்குப் பரிசு. 2001இல் ஒன்று வாங்கியிருந்தார், இது இரண்டாவது. பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ என்றே இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள பாராட்டுக் குறிப்போ, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிறுவனத்தை விட்டு அவர் வெளியேறக் காரணமான அச்சமின்மையைப் புகழ்கிறது.

அந்த ஸ்கெட்ச் என்ன ஆனது? டெல்னேஸ் விலகியதும் அமெரிக்க கார்ட்டூனிஸ்டுகள் சங்கம் தன் உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது: இதை ஆளுக்கு ஒரு பிரதி எடுத்து, அவரவர் பாணியில் முடித்து வெளியிடுங்கள். அவர்களும் அந்தச் சிலைக்கும் மூட்டைகளுக்கும் மை போட்டு வெளியிட்டார்கள். குப்புறக் கிடந்த எலிக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு அளவில் காது.